மஞ்சள் தரைக்கு ஏழு நாள்

பெயிண்ட் கடையில் இருபத்து மூன்று வருடமாக நிற்பவனை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் பெயிண்ட் நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டு துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அவன் ‘ஷேடு’. வாடிக்கையாளருக்கு ‘ஷேடு அண்ணே’, முதலாளிக்கு ‘யோவ் ஷேடு’. அக்கா மட்டும் நிஜப் பெயரைச் சொல்வாள், அதுவும் கோபம் வந்தால்.

டப்பாவின் முதுகில் எறும்பு ஊர்வதுபோல அச்சடித்திருக்கும் பொடி எழுத்தெல்லாம் அவனுக்கு மனப்பாடம். யார் எதை வாங்கினாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். “நல்லாக் கலக்கிக்கங்க. தரை சுத்தமா, காய்ஞ்சு, தூசி இல்லாம இருக்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல எட்டு மணி நேரம் விடுங்க. கண்ணுல பட்டா தண்ணி ஊத்திக் கழுவுங்க.” வாங்க வந்தவர்கள் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். இத்தனை தெரிந்த மனிதன் தன் வாழ்நாளில் ஒரு பிரஷ்ஷைக்கூடப் பெயிண்டில் முக்கியதில்லை என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கல்யாணமும் அப்படித்தான் நடக்காமல் போனது. முதலில் அக்கா கல்யாணம் முடியட்டும் என்றார்கள். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். அதற்குப் பிறகு ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தால் நாற்பத்தாறு வயது, உச்சியில் வழுக்கை. பெரிதாக வருத்தமும் இல்லை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு ரேடியோ, ஜன்னல் ஓரத்தில் வந்து உட்காரும் ஒரு பூனை. போதும் என்று இருந்தான்.

ஒருநாள் மத்தியானம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைச் செதிலைக் கொண்டுவந்து மேஜைமேல் ‘டப்’பென்று வைத்தாள் ஒருத்தி. காக்கிச் சட்டை, விரல் இடுக்கெல்லாம் கிரீஸ்.

“அண்ணே, இது என்னன்னு சொல்லுங்க.”

ஷேடு கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். “முப்பத்தோராம் நம்பர். ஆலிவ் பச்சை.”

“நம்பரைக் கேக்கலண்ணே. இது ஏன் என் தரையில இல்லாம உங்க மேஜை மேல இருக்குன்னு கேக்கறேன்.”

அப்போதுதான் அவனுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி பைக் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். ஆறு மாதத்துக்கு முன்னால் கான்கிரீட் தரைக்கு என்று வந்தபோது அவன்தான் எனாமல் பெயிண்ட் கொடுத்தான். ஓடி வந்து நின்ற வண்டிகளின் சூடான டயரோடு அது ஒட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் தடவை, பிரைமரும் சேர்த்துத் தரைப் பெயிண்டே கொடுத்தான். அதுதான் இப்போது செதில் செதிலாக மேஜைக்கு வந்திருக்கிறது.

“தரை சுத்தமா, காய்ஞ்சு, தூசி இல்லாம...” என்று ஆரம்பித்தான்.

“அண்ணே, ஒரு நிமிஷம். நீங்க எப்பவாச்சும் தரைக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?”

பின்னால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் பேனா நின்றது. ஷேடு பேந்தப் பேந்த விழித்தான். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கண்ணைப் பார்த்து நேராகக் கேட்டதில் வாய் தன்பாட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

“இல்லைங்க. சுவருக்கும் அடிச்சதில்ல.”

சண்டை போடப்போகிறாள் என்று பார்த்தால், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஷேடுவுக்கும் தொற்றிக்கொண்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அவனும் சிரித்தான்.

“சரி, ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே? ஷெட்டுக்கு வாங்க. ரெண்டு பேருமே கத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை அவன் போனபோது ஷெட்டில் அவளும் அவள் மகளும் இருந்தார்கள். மகள் கல்லூரியில் கடைசி வருடம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். “வாங்க அங்கிள்” என்று ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். தரையைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அங்கங்கே பச்சைத் திட்டு, நடுநடுவே வெளுத்துப்போன சிமெண்ட், அதன்மேல் எண்ணெய்க் கறை.

ஷேடு குந்தி உட்கார்ந்து ஒரு செதிலைப் பெயர்த்தான். இத்தனை வருடம் செய்யாத ஒன்றைச் செய்தான். அதைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் தூள்.

“இங்க பாருங்க! பெயிண்ட் உரியலைங்க. தரைதான் உரிஞ்சிருக்கு. மேல் சிமெண்டு மாவு மாதிரி இருக்கு. பெயிண்ட் அதைத்தான் பிடிச்சிருக்கு, அது கையோட வந்துடுச்சு.”

“அப்ப உங்க பெயிண்ட் மேல தப்பில்லையா?”

“பெயிண்ட் மேலயும் தப்பு இருக்கு, என் மேலயும் தப்பு இருக்கு. வண்டி ஏறுற தரைக்கு அந்த ஜாதிப் பெயிண்டே ஆகாது. ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்ஸிதான் தாங்கும். அதையும் இந்த மாவு மேல அடிச்சா, அதுவும் இப்படித்தான் வந்துடும்.”

டப்பாக்களின் முதுகில் படித்ததெல்லாம் அன்றைக்கு அவனுக்குள் முதல்முறையாக உயிர் பெற்று எழுந்தது. ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தான். நல்ல இடத்தில் தரை உறிஞ்சிக்கொண்டது, எண்ணெய் இருந்த இடத்தில் முத்து முத்தாக நின்றது. “முத்து நிக்கிற இடமெல்லாம் சோப்பு போட்டுத் தேய்க்கணும்!” அடுத்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் போட்டு நாலு பக்கமும் டேப்பால் ஒட்டினான். மறுநாள் கடைக்குப் போகும் வழியில் வந்து பார்த்தால், விரிப்பின் அடியில் வியர்த்திருந்தது. கீழேயிருந்து ஈரம் ஏறுகிறது! எங்கிருந்து என்று தேடினால், வண்டி கழுவும் மூலையில் தரைக்கடியில் ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் கண்டுபிடித்தாள், அவளே தோண்டினாள், அவளே மாற்றினாள். ஷேடு பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். டார்ச் பிடிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

தரை காய இரண்டு வாரம் ஆகும். ஒருமுறை வந்து பார்த்தால் போதும். ஷேடு தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்படி ஒருநாள் நிறம் பார்க்க உட்கார்ந்தார்கள். எல்லாரும் போல அவளும் சாம்பல் நிறம் என்பாள் என்று நினைத்தான். அவளோ டப்பா ஒன்றைக் கவிழ்த்து ஒரு நட்டு, ஒரு வெள்ளி ஸ்குரு, ஒரு கறுப்பு வாஷர், துருப்பிடித்த ஒரு குட்டி ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்தாள்.

“கீழ விழுந்தா கண்ணுக்குத் தெரியணும். அதான் எனக்கு வேணும்.”

ஷேடு கார்டை விரித்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் அவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். சாம்பலில் ஸ்குரு காணாமல் போனது. கருநீலத்தில் வாஷர் மறைந்தது. செங்கல் நிறம் ஸ்பிரிங்கை விழுங்கியது. வெளிர் மஞ்சளுக்கு வந்ததும் நான்கும் பளிச்சென்று தெரிந்தன.

“மஞ்சள்ல டயர் தடம் தெரியுமே” என்றான்.

“தடம் தெரிஞ்சா துடைச்சுக்கலாம். காணாமப் போன ஸ்பிரிங்கை எங்க போய்த் தேடறது?”

கடைக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். ஒரு தடவைகூட ‘அண்ணே’ சொல்லவில்லை. நடுத்தெருவில் நின்றான். பேசியதையெல்லாம் முதலிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ‘வாங்க’ இருந்தது, ‘பாருங்க’ இருந்தது, ‘தள்ளி உக்காருங்க’கூட இருந்தது. ‘அண்ணே’ இல்லவே இல்லை. அன்றைக்கு வெள்ளை பிரைமர் கேட்டவருக்குச் சிவப்பு எடுத்துக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். திட்டு எதுவும் காதில் விழவில்லை.

விரிப்பு ஒருவழியாகக் காய்ந்தது. ஒரு முழுநாள் தரை தேய்க்கும் மிஷினை வாடகைக்கு எடுத்து, மாவுத் தரையை உறுதியான கான்கிரீட் தெரியும்வரை இருவரும் தேய்த்தார்கள். முகமூடியைக் கழற்றியபோது மூக்கைச் சுற்றி மட்டும் மனித நிறம், மற்றதெல்லாம் சிமெண்ட். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் புருவத்திலிருந்து தூள் கொட்டியது. தூசியை மிஷினால் உறிஞ்சி எடுத்து, விரிசல்களை அடைத்து, பிரைமர் பூசி ஒருநாள் விட்டார்கள்.

பெயிண்ட் அடிக்கும் நாளன்று ஷேடு லீவு போட்டான். காலையிலேயே வாளியில் பெரிய டப்பாவையும் சின்ன டப்பாவையும் ஊற்றிக் கம்பியால் கலக்கினான்.

“கலந்துட்டா நாப்பது நிமிஷம்தான் இதுக்கு உயிரு. அதுக்குள்ள தரைக்குப் போயிடணும்” என்று விரலை ஆட்டிச் சொன்னான்.

“சரி சரி” என்றவள், ரோலரை மாட்டிக்கொண்டே ஏதோ பேச்சில் தன் கதையை ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கணவன் திடீரென்று இறந்தபோது ஷெட்டில் பதினான்கு வண்டிகள் பிரித்துப் போட்டபடி கிடந்தனவாம். எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்று தெரியாது. வண்டிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

“அழுதுகிட்டே ஒண்ணை மாட்டினேன். ஓடுச்சு! அழுகை நின்னு போச்சு. அடுத்தது மாட்டினேன், அதுவும் ஓடுச்சு. பதினாலும் மாட்டி முடிச்சப்ப ஒரு கார்பரேட்டர் மிச்சம்.”

“மிச்சமா? எந்த வண்டியோடது?”

“இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பதினாலு வண்டியும் ஓடிக்கிட்டுதான் இருக்கு!”

ஷேடு கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இவளைப் போல ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இத்தனை வருடம் இருந்திருக்கிறாளே என்று இருந்தது அவனுக்கு.

“அம்மா! வாளி புகையுது!” என்று மகள் கத்தினாள்.

கலந்த பெயிண்ட் வாளியிலேயே கிடந்து கொதித்து, அவர்கள் கண்முன்னே கல்லாகிக்கொண்டிருந்தது. பதறிப்போய் வெளியே இழுத்து வைத்தார்கள். கலக்கும் கம்பி நடுவில் நட்டமாக நின்றது. ஷேடு பிடித்து இழுத்தான், வாளியே தூக்கிக்கொண்டு வந்தது.

“நாப்பது நிமிஷம்தான் இதுக்கு உயிரு” என்று மகள் அவனைப்போலவே விரலை ஆட்டினாள். அவ்வளவுதான். மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷேடு சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

இன்னொரு செட் வாங்க அவனே கடைக்கு ஓடினான். சட்டை, கால்சட்டை, வழுக்கை எல்லா இடத்திலும் மஞ்சள். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். டப்பாவை எடுத்து நீட்டி, மூச்சு விடாமல் சொன்னார்: “கலந்து வாளியிலேயே வெக்காதீங்க. உடனே தரையில ஊத்திடுங்க. குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.”

“உங்களுக்கு எப்படி முதலாளி இதெல்லாம்?”

“இருபத்து மூணு வருஷமா என் காதுகிட்ட நின்னுதான்யா கத்தற!”

இந்த முறை கலந்த கையோடு பின்சுவர் ஓரமாகத் தரையில் நீளமாக ஊற்றினார்கள். அவன் சுவர் ஓரங்களைப் பிரஷ்ஷால் பூசிக்கொண்டு போனான், அவள் நீளக் கம்பியில் ரோலரை மாட்டி வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே தேய்த்தாள். சாம்பல் நிறத்தின்மேல் மஞ்சள் விழ விழ ஷெட்டுக்குள் விளக்குப் போட்டதுபோல இருந்தது. ஷேடுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரஷ் மட்டும் எப்படியோ ஓடியது. தான் பூசிய இடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் அடித்தது! என் கையால் அடித்தது!

“என்னங்க! அந்த ஓரத்துல ஒரு கோடு விட்டுப் போச்சு பாருங்க!”

ரோலர் நின்றது. பிரஷ் நின்றது. மகள் காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

“அம்மா, இப்ப என்ன சொன்ன?”

“ஓரத்துல கோடு விட்டுப் போச்சுன்னு சொன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“பேசாம அந்த மணலை எடுத்துக் குடுடி.” வழுக்காமல் இருக்க ஈரப் பெயிண்டின்மேல் தூவ வேண்டிய பொடி மணல் அது. வாங்கித் தூவியவளின் காது சிவந்திருந்தது.

“எனக்கு லேசாத் தலை சுத்துதுங்க” என்றான் ஷேடு.

“பெயிண்ட் வாசனையா இருக்கும். ஜன்னலைத் திறங்க.”

“ரெண்டு ஷட்டரும் நாலு ஜன்னலும் காலையிலேர்ந்து திறந்துதாங்க இருக்கு.”

கடைசி அடியையும் பூசி மூவரும் வெளியே வந்து நின்றபோதுதான் தெரிந்தது, ஷேடுவின் செருப்பு உள்ளே பின்சுவர் அலமாரியில் இருந்தது. நடுவில் முப்பதடி ஈர மஞ்சள். ஒருநாள் யாரும் கால் வைக்க முடியாது. அவள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். பாதிப் பாதம்தான் நுழைந்தது. வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். வழியில் இரண்டு பேருக்குத் தானாகவே வணக்கம் சொன்னான். யார் என்றே தெரியாது.

அக்கா கதவைத் திறந்தாள். “செருப்பு எங்கடா?”

“உள்ள மாட்டிக்கிச்சுக்கா.”

“எது உள்ள?” என்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாயெல்லாம் பல். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாளில் நடக்கலாம், ஆனால் வண்டி ஏற்ற ஏழு நாள் ஆகும். பன்னிரண்டு வருடத்தில் மெக்கானிக் சேர்ந்தாற்போல ஒரு வாரம் கடையை மூடியதில்லை. முதல்நாள் மூடிய ஷட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஷேடு வந்ததும், “வாங்க, ஒரு வண்டி டிரையல் பாக்கணும்” என்று பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

இரண்டு சக்கரத்தில் சைக்கிளுக்கு மேல் வேகம் அறியாதவன் அவன். பாலத்தில் வண்டி ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டான். இறங்கும்போது திறந்தான். காற்று சட்டையைப் பலூனாக ஊதியது. பையிலிருந்த ஷேடு கார்டு பறந்து, விசிறியாக விரிந்து ஆற்றில் விழுந்தது. “போச்சு! தொண்ணூத்தாறு கலரும் போச்சு!” என்று கத்தினான். “நிறுத்தட்டுமா?” “வேணாம், போங்க! இன்னும் வேகமாப் போங்க!”

மூன்றாம் நாள் வேறு வண்டி, வேறு சாலை. நான்காம் நாள் காலி மைதானத்தில் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். கிளட்சை விட்டதும் வண்டி முயல்போலத் துள்ளி நின்றது, அவனும் துள்ளினான். ஐந்தாம் நாள் அக்கா தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தாள்.

மெக்கானிக் ஸ்டார்ட் செய்து பார்த்தாள், பிளக்கைக் கழற்றி மாட்டினாள். “வண்டியில ஒரு கோளாறும் இல்லையேக்கா.”

“வண்டியில இல்லம்மா. என் தம்பிக்குத்தான். சாம்பார்னு நெனச்சு நேத்து சோத்துல தண்ணியை ஊத்திச் சாப்பிட்டுட்டு, பிரமாதம்னு சொல்றான். பாத்துச் சரி பண்ணு.”

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

ஏழாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கினார்கள். மஞ்சள் தரை கண்ணைக் கூசவைத்தது. மெக்கானிக் இருப்பதிலேயே கனமான வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி, வேகமாக உள்ளே கொண்டுவந்து பிரேக்கை அழுத்தினாள். ஷேடு மண்டியிட்டு டயர் நின்ற இடத்தைப் பார்த்தான். கறுப்புத் தடம், ஈரத்துணியால் துடைத்தான், போய்விட்டது. காசை எடுத்துச் சுரண்டினான். ஒரு துளிகூடப் பெயரவில்லை.

“நிக்குதா?” என்றாள்.

“கல்லு மாதிரி நிக்குது.”

“சரி. அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. பொண்ணு அடுத்த வருஷம் வேலைக்குப் போயிடுவா. என் கையில கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. குறட்டை விடுவேன், சண்டையும் போடுவேன். உங்களுக்கு என்னைக் கட்டிக்கறதுல ஏதாவது ஆட்சேபணை உண்டா?”

மண்டியிட்டபடியே அண்ணாந்து பார்த்தான். எச்சரிக்கை, செய்முறை, உலரும் நேரம் என்று எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்துவிட்டாள். அவனுக்கு ஒப்பிக்க ஒன்றும் மிச்சமில்லை.

“ஆட்சேபணையா? எனக்கா?” என்றான். எழுந்திருக்கப் பார்த்தான், கால் மரத்துப்போயிருந்தது. “இல்லைங்க. இல்லவே இல்ல. கால்தான் எந்திரிக்க மாட்டேங்குது.”

அவள் கையை நீட்டினாள். எழுந்து நின்றவன் கையை விடவில்லை. பெஞ்சில் இருந்த மகள், “அங்கிள், இதுக்கும் ஏழு நாள் காயணுமா, இல்ல நான் இப்பவே எல்லாருக்கும் போன் பண்ணலாமா?” என்றாள். அவர்கள் பதில் சொல்வதற்குள் அவள் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் முதலாளியும் மகளும் சாட்சி. ஷேடு மாடி அறையைக் காலி செய்து ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் குடிபோனான். பூனையும் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பின்னாலேயே வந்தது. இன்னும் கடைக்குப் போகிறான். ஆனால் இப்போது தரைப் பெயிண்ட் கேட்டு யார் வந்தாலும் டப்பாவை எடுப்பதில்லை. “வண்டி ஏறுமா? வெயில் படுமா? தண்ணி தெளிச்சுப் பாத்தீங்களா?” என்று இவன்தான் கேட்கிறான். வாசலில் வெயில் விழும் இடத்துக்கு எபாக்ஸி மஞ்சள் மங்கிவிடும், அதற்கு மேல்பூச்சு வேறு என்று அவன் தெரிந்துகொண்டது தங்கள் ஷெட் வாசல் மங்கியதைப் பார்த்துத்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான்.

மஞ்சள் தரையைப் பார்த்த வண்டிக்காரர்கள், எங்கள் வீட்டுக்கும் அடித்துத் தருவீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மிஷினையும் வாளியையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா. நீலமா, ஆரஞ்சா என்று வாசலிலேயே சண்டை. அவள் குரலை உயர்த்தினாள், அவனும் உயர்த்தினான். வாட்ச்மேன் பயந்துபோய்த் தலைமை ஆசிரியையைக் கூட்டிவந்தார். அந்த அம்மா வந்து பார்க்கும்போது சண்டை போட்ட இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் பாதி நீலம், பாதி ஆரஞ்சு என்று முடிவானது.